படகில் வந்த நாலு தோள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து நண்டு ஊர்ந்த மணல் மாதிரி இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் எனக்கு இன்றைக்கும் நிச்சயம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதன் பிறகு எழுதியதெல்லாம் பெட்டிகளின் மேல் காய்கறிப் பெயர்கள்தான். அந்தோனியார் திருநாள் மலருக்கு இதை எழுதித் தரும்படி ரொக்ஸ்பரோ என்ற பகுதியில் இருப்பதால் நாங்கள் ரொக்ஸ்பரோ அக்கா என்று கூப்பிடுகிறவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிழைகளைத் தானே திருத்துவதாகவும் சொல்லிவிட்டார். ஆகவே இதில் மிஞ்சியிருக்கும் பிழைகளில் பாதி அவருடையது.

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கனடாவில், மொன்றியல் நகரத்தின் ஜான்-டலோன் சந்தையில், சம்மாட்டியார் வந்து நின்ற காலை. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, பனி கரைந்து வாய்க்கால்களில் ஓடிக்கொண்டிருந்த சித்திரை மாதம். நான் முதலாளியின் பின்னால், யாருடைய கண்ணிலும் படாத இடத்தில், தக்காளி அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த இடம் எனக்குப் பிடிக்கும். சம்மாட்டியார் என்று நாங்கள் சொல்வது படகும் வலையும் சொந்தமாக வைத்து, ஆள் பிடித்துத் தொழில் செய்கிறவரை. மொன்றியலில் அவருக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். ஆனால் பெயர் மாறவில்லை, நடையும் மாறவில்லை. ஆடுகிற பலகையில் நிற்கிறவர் போலக் காலை அகட்டி வைத்து நின்று, ஒரு தக்காளியை எடுத்து மணந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எங்களுக்கு ஒரு நேர்த்தி கிடக்கு. மறந்து போனியோ?"

நான் மறக்கவில்லை. மறக்கக்கூடிய நேர்த்திக்கடன் இல்லை அது. எண்பதுகளின் நடுவில், சண்டைக்குப் பயந்து இராமேஸ்வரம் போவதற்காக அவருடைய படகில் ஏறியவர்களில் நானும் ஒருவன். நடுக்கடலில் விடிந்தபோது இயந்திரம் நின்றுவிட்டது. பலகை ஒன்று விலகி, தண்ணீர் கணுக்கால் வரை வந்தது. பெண்கள் சாமான் சட்டிகளால் இறைத்தார்கள். ஆண்களில் சிலர் வேலை செய்தோம், சிலர் அழுதோம். நான் இரண்டையும் செய்தேன். சம்மாட்டியார் மட்டும் எழுந்து நின்று, தூரத்தில் கோடு போலத் தெரிந்த கச்சதீவுப் பக்கம் கையை நீட்டினார். குடிக்கத் தண்ணீர் இல்லாத, ஒருவரும் குடியிராத தீவு அது. அங்கே இருப்பது அந்தோனியார் கோயில் ஒன்றுதான். "அந்தோனியாரே, இதுகளைக் கரை சேர். இந்தப் படகிலை இருக்கிற தோளிலையே உன்னைச் சுமந்து, உன்ர கோயிலைச் சுத்தி வாறம்" என்று கத்தினார். எங்களைத் திரும்பிப் பார்த்து, "என்ன, ஓமோ?" என்று கேட்டார். அந்தப் படகில் அவர் ஒருவர்தான் வேதக்காரர். மற்றவர்கள் எல்லாம் சைவம். ஆனாலும் எல்லோரும் ஒரே குரலில் "ஓம்" என்றோம். என் குரல்தான் உரத்துக் கேட்டது என்று அவர் பின்னாளில் சொல்வார். வெயில் ஏறுமுன் நீரோட்டம் திரும்பியது. எதிரே வந்த மீன்பிடிப் படகு ஒன்று எங்களை இழுத்துக்கொண்டு போய்க் கரையில் விட்டது.

கச்சதீவுக்குப் போக வழி இல்லாமல் வருடங்கள் ஓடின. போர் முடிந்ததும் போகலாம் என்று சம்மாட்டியார் பொறுத்திருந்தார். இனிப் பொறுக்க முடியாது என்று அன்று சந்தையில் சொன்னார். அவருடைய நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்று டாக்டர்கள் முடிவு செய்திருந்தார்கள். ஆனி மாத நடுவில், அந்தோனியார் திருநாளுக்கு அடுத்த வாரத் திங்கள், நாள் வைத்திருந்தார்கள். "கத்திக்குக் கீழை போறதுக்குப் பயமில்லை. சொன்ன சொல்லை முடிக்காமல் போறதுக்குத்தான் பயம்" என்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், லோங்கேயில், அந்தோனியாருக்கு ஒரு பெரிய பழைய கோயில் இருக்கிறது. கடலுக்குப் பதில் ஆறு. அந்தோனியாருக்கு இது விளங்கும் என்பது அவருடைய கட்சி. எண்ணூறு வருடத்துக்கு முந்தின அந்தத் துறவியும் கப்பல் காற்றில் தள்ளுப்பட்டு, போக நினைத்த ஊரை விட்டு வேறு ஊரில் கரை ஒதுங்கியவராம். "அவரும் எங்களை மாதிரி ஆள்தான். நினைச்ச இடத்திலை இறங்கேல்லை. இறங்கின இடத்திலை இருந்தார்" என்றார்.

நேர்த்தியில் ஒரு முடிச்சு இருந்தது. படகில் இருந்த தோள் என்று சொல்லியாயிற்று. சுவாமி கூட்டை, அதாவது சுரூபத்தை வைத்துச் சுமக்கும் பல்லக்கை, தூக்க நாலு தோள் வேண்டும். படகில் வந்தவர்கள் இந்தியாவிலும் பாரிசிலும் ரொறொன்ரோவிலும் சிதறிப் போயிருந்தார்கள். மொன்றியலில் இருந்தது சம்மாட்டியார், நான், புரோசார்ட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவன், அப்புறம் ரொக்ஸ்பரோ அக்கா. அக்கா குழந்தைகளைப் பார்க்கும் கார்தெறி ஒன்றில் வேலை செய்தார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண்கள் கூடு தூக்குவதில்லை. சம்மாட்டியார் அக்கா வீட்டுக்குப் போய், தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, அவருடைய புருசனைக் கேட்டுப் பார்த்தார். புருசன் வேறு படகில் வந்தவர். "அவரை உங்கடை படகிலை வந்தவர் எண்டு எழுதிப் போடுவமோ?" என்று தம்பி யோசனை சொன்னான். அக்கா குசினிக்குள் இருந்து கரண்டியோடு வெளியே வந்தார்.

"ஏன் சம்மாட்டியார், சட்டியாலை தண்ணி இறைக்கேக்கை நான் பொம்பிளை எண்டு உங்களுக்குத் தெரியேல்லையோ?"

சம்மாட்டியார் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். "சரி பிள்ளை. நீ பின்பக்கத்துக் கம்பு" என்றார்.

"முன்பக்கம்" என்றார் அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

லோங்கே கோயில் பாதிரியாரான சுவாமியாரிடம் அனுமதி கேட்பது என் தலையில் விழுந்தது. சம்மாட்டியாருக்குப் பிரெஞ்சு வராது. மற்ற இருவருக்கும் வேலை நாள். நான் மறுத்தேன். அறியாத மனிதரின் முகத்தைப் பார்த்துக் கதைப்பதென்றால் எனக்குக் காது சிவந்துவிடும். "எனக்குத் தெரிஞ்சது தக்காளியின்ர பிரெஞ்சு, ஐயா" என்றேன். "தக்காளி வாற வாயிலை அந்தோனியார் வரமாட்டாரோ? நட" என்றார். லோங்கே போகும் மெட்ரோ ஆற்றின் அடியால் போகிறது என்று நான் சொன்னதும் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். "தண்ணிக்கு மேலை போய்ப் பிழைச்ச மனுசன் நான். இப்ப தண்ணிக்குக் கீழை போறன். ஒழுகுதோ எண்டு பார்."

சுவாமியார் நெட்டையான கிழவர். காது சற்று மந்தம். ஆகவே நான் சந்தையில் கூவுகிற மாதிரி உரத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அது எனக்கு எப்படியோ சுலபமாக இருந்தது. கோயிலில் இருக்கும் அந்தோனியாரைக் கழற்ற முடியாது, சுவரோடு சேர்த்துக் கட்டியது என்றார். ஆனால் எங்களுடைய சுரூபம் ஒன்றைக் கொண்டுவந்தால், திருநாள் பூசை முடிந்த பிறகு கோயிலைச் சுற்றி வரலாம், தானும் வருவதாகச் சொன்னார். அந்த வருடம் திருநாளான ஆனி பதின்மூன்று (நாங்கள் ஆனி என்பது யூன் மாதத்தை) செவ்வாய்க்கிழமையாக வந்தது. அந்தோனியாருக்குச் செவ்வாய்தான் நாள். இரண்டும் ஒன்றாக வந்ததைக் கேட்டதும் சம்மாட்டியார் தன் பங்கு வேலை முடிந்துவிட்டது போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கூட்டை நான் செய்தேன். சந்தையில் பழம் வரும் மரப்பெட்டிகளைப் பிரித்துப் பலகை எடுத்து, நீளக் கம்பு இரண்டு கொடுத்து, வெள்ளைத் துணி சுற்றினேன். சுரூபம் தேடுவது புரோசார்ட் தம்பியின் பொறுப்பு. பழைய சாமான் கடை ஒன்றில் பிடித்துவிட்டதாகப் போன் பண்ணினான். "அந்தோனியாரேதான் அண்ணை. மண்ணிற அங்கி, இடுப்பிலை கயிறு, மொட்டந்தலையைச் சுத்தி வட்டமா மயிர். ஒண்டு மட்டும் குறை, கையிலை பாலன் இயேசு இல்லை. உடைஞ்சு போச்சாக்கும்." அந்தக் குறையைத் தம்பி தானே தீர்த்துவிட்டான். கிறிஸ்மஸ் குடிலில் வைக்கிற பாலன் ஒன்றை எங்கேயோ வாங்கி, சுரூபத்தின் கையில் நூலால் கட்டினான். வைக்கோலில் மல்லாந்து கிடக்கச் செய்த பாலன். நிமிர்த்திக் கட்டியதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாய வருகிற மாதிரி இருந்தது. சுரூபத்தின் உள்ளங்கைகளில் சிவப்பாக ஏதோ கறை இருந்ததாம். கடைக்காரன் பெயின்ற் அடிக்கும்போது பட்டிருக்கும் என்று நினைத்து, அதையும் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டான்.

திருநாள் அன்று தம்பி தன் கடை வான் வண்டியில் சுரூபத்தைக் கொண்டுவந்து இறக்கியபோது, கழுத்திலிருந்து கால் வரை மாலை போட்டிருந்தான். பூவுக்குள் முகம் மட்டும்தான் தெரிந்தது. சம்மாட்டியார் அந்த முகத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்ததால் அவருக்கு அதுவும் சரியாகத் தெரிந்திருக்காது. பூசை முடிந்தது. நாங்கள் சப்பாத்துகளைக் கழற்றினோம். வெள்ளைக்காரக் கிழவிகள் சிலர் வாசலில் நின்று எங்கள் கால்களைப் பார்த்தார்கள். அக்கா சேலையை இழுத்துச் செருகினார். "மூச்சு முட்டினால் சொல்லுங்கோ, ஐயா. வீரம் காட்டாதையுங்கோ" என்றார். "தூக்கு" என்றார் சம்மாட்டியார். நாலு தோளும் ஏறின.

தம்பி நெட்டை, நான் கட்டை. கூடு என் பக்கம் சரிந்தது. கோயிலின் பின்புறம் திரும்பும் இடத்தில் நிலம் சற்றுச் சரிவு. அங்கே கூடு நன்றாகவே சாய்ந்தது. மாலைகள் ஒரு பக்கமாக நழுவின. பாலனைக் கட்டிய நூல் அவிழ்ந்து, பாலன் தலைகீழாகத் தொங்கி ஆடத் தொடங்கினார். பக்கத்தில் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்த சுவாமியார் பாய்ந்து அதைக் கையில் ஏந்திக்கொண்டார். அப்போது சுரூபத்தின் பாதங்கள் அவர் கண்ணுக்கு நேரே இருந்தன. பாதங்களிலும் சிவப்புக் கறை. தம்பி அதைச் சுரண்டவில்லை, மாலைக்குள் மறைந்திருந்ததால். சுவாமியார் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மெல்ல, ஒரு நோயாளிக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். இது அந்தோனியார் இல்லை. இது அசிசி பிரான்சிஸ். இயேசுவின் ஐந்து காயமும் தன் உடம்பில் பெற்றவர். இது கறை இல்லை, காயம்.

"என்னவாம்?" என்றார் சம்மாட்டியார். முன்பக்கம் நின்ற அவருக்குக் கம்பு கழுத்தை அடைத்ததால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"ஒண்டும் இல்லை ஐயா, நடவுங்கோ" என்றார் அக்கா. அவருக்கு விளங்கிவிட்டது. மறுபக்கம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றார். தம்பி, "அண்ணை, கயிறு இருக்குதெல்லோ" என்று முணுமுணுத்தான்.

எனக்கு ஒரு கணம்தான் தயக்கம். நோயாளியை ஏமாற்றி நிம்மதியாகப் படுக்க வைக்கலாம். அக்கா நினைத்தது அதுதான், அதில் அன்பு இருந்தது. ஆனால் இந்த மனிதர் கடலில் எங்களுக்கு ஒரு பொய்யும் சொல்லவில்லை. தண்ணீர் ஏறுகிறது என்றால் ஏறுகிறது என்றே சொன்னார். "ஐயா, ஆள் மாறிப் போச்சு. இது அந்தோனியார் இல்லையாம், பிரான்சிஸ் அசிசியாராம்" என்றேன்.

சம்மாட்டியார் கம்பைத் தோளில் இழுத்துச் சரிப்படுத்தினார். அவருடைய கழுத்தில் வியர்வை ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, "அவர் அந்தோனியாருக்கு மூத்தவரெல்லோ. அந்தோனியார் சேந்த மடத்துக்கே தலைவர்" என்றார். "பாதியிலை இறக்கப்படாது. தோளிலை ஏறின ஆளை வாசல் வரை கொண்டுபோய் விடவேணும். நட."

முழுச் சுற்றும் நடந்தோம். வாசலில் உட்காரப் போட்டிருந்த ஒரு வாங்கில் கூட்டை இறக்கினோம். சம்மாட்டியார் படியில் உட்கார்ந்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. மூச்சு அடங்கியதும், "எங்கடை நேர்த்தி இன்னும் முடியேல்லை" என்றார்.

அக்கா அவருக்கு முன்னால் குந்தினார். "ஐயா, நாங்கள் நினைச்சது அந்தோனியாரைத்தானே. அவருக்கு அது தெரியாதோ? நினைப்புப் போதும்."

"படகு நினைப்பிலையோ கரை சேந்தது, பிள்ளை?" என்று கேட்டார் சம்மாட்டியார். "மெய்யாக் கரை சேந்ததெல்லோ."

தம்பி, "நான் இப்பவே போய் வேற ஒண்டு வாங்கி வாறன்" என்று சாவியை எடுத்தான். "நீ இனிக் கயிறைப் பாத்து ஒண்டும் வாங்காதை" என்றார் அக்கா. ஒப்பரேசனுக்கு முன் இன்னொரு செவ்வாய் இல்லை. இன்னொரு நாள் இந்த உடம்பு வருமா என்பதும் தெரியாது.

அப்போது நான் செய்ததை இன்றைக்கும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. யாரும் சொல்லாமல், யாரும் தள்ளாமல், நானாகப் போய்ச் சுவாமியாரின் முன்னால் நின்று கதைத்தேன். என் பிரெஞ்சில் இருந்த வினைச்சொற்கள் எல்லாம் தக்காளி விற்கிற வினைச்சொற்கள். படகு, பழசு. இயந்திரம், செத்தது. தண்ணீர், உள்ளே. அந்தோனியார் கொடுத்தார். நாங்கள் எடுத்தோம். நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை. இந்த மனிதருக்கு அடுத்த கிழமை நெஞ்சைத் திறக்கிறார்கள். நாலு தோள் இன்றைக்கு இருக்கிறது. அவ்வளவுதான் சொன்னேன், ஆனால் கையை ஆட்டி, சந்தைக் குரலில், வாசலில் நின்ற கிழவிகள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். சுவாமியார் சட்டென்று திரும்பி உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் மரத்தில் செதுக்கிய சின்னச் சுரூபம் ஒன்று இருந்தது. ஒரு முழம் கூட இராது. வண்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது. ஆனால் கையில் பாலன் இருந்தார், அதே மரத்தில் சேர்ந்து, கழன்று விழ முடியாதபடி. அது தன் தாய் வைத்துக் கும்பிட்டது, தன் அறையில் இருப்பது என்றார். கூட்டிலிருந்து அசிசியாரை எடுக்க வேண்டாம் என்று சம்மாட்டியார் சொல்லிவிட்டதால், அந்தோனியாரை அவருடைய பாதத்தடியில் வைத்து, மாலையால் சேர்த்துக் கட்டினோம். சுவாமியார் தன் மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு, சம்மாட்டியாரின் கம்பைத் தொட்டு, தான் தூக்குகிறேன் என்று சைகை காட்டினார். சம்மாட்டியார் அவர் கையை மெதுவாக எடுத்து முத்தமிட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "சுவாமியாருக்குச் சொல்லு, அவர் படகிலை வரேல்லை." நான் அப்படியே சொன்னேன். சுவாமியார் சிரித்துவிட்டு, தீர்த்தச் செம்பை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

இரண்டாம் சுற்று மிக மெதுவாக நடந்தது. சம்மாட்டியார் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றோம், இறக்கவில்லை. அவர் மூச்செடுக்கும்போது அக்கா நெருங்கி வந்து, தன் மற்றத் தோளை அவருடைய கம்பின் கீழ் கொடுத்து, அவர் பக்கத்துப் பாரத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அவரும் உணர்ந்திருப்பார். அடுத்த அடியை எடுத்து வைத்தார். சரிவில் திரும்பும்போது தம்பி முழங்காலை மடித்து என் உயரத்துக்கு இறங்கி நடந்தான். வாசலில் இறக்கியதும் சம்மாட்டியார் வானத்தைப் பார்த்து, "சரி. இனி நீயாச்சு, உன்ர டாக்டர்மாராச்சு" என்றார்.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. அவர் எழுந்து உட்கார்ந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தோனியாரைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வேறு ஒன்று சொன்னார். "தம்பி, அந்தோனியாரைத் தூக்கினது குடுத்த சொல்லுக்கு. அது கணக்கு, முடிஞ்சுது. ஆனா முதல் சுத்திலை அசிசியாரைத் தூக்கினமெல்லோ, அவரிட்டை நாங்கள் ஒண்டுமே கேக்கேல்லை. அவரும் எங்களுக்கு ஒண்டும் தரேல்லை. பாதியிலை விடப்படாது எண்டு சும்மா தூக்கிக்கொண்டு போனம். என்ர சீவியத்திலை கேக்காமல் தூக்கினது அந்த மனுசனை மட்டும்தான். எனக்கு இப்ப அந்தச் சுத்துத்தான் நினைவிலை நிக்குது."

சம்மாட்டியார் இப்போதும் மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில் இருக்கிறார். கோப்பை கழுவுவதில்லை. அசிசியார் சுரூபம் புரோசார்ட் தம்பியின் கடையில், அரிசி மூட்டைகளுக்கு மேலே இருக்கிறது. உள்ளங்கையில் சுரண்டிய இடத்தில் தம்பி தன் கையாலேயே சிவப்புப் பூசிவிட்டான், கொஞ்சம் கூடுதலாகவே. ஒவ்வொரு வருடமும் ஐப்பசியில், அசிசியாரின் திருநாளுக்கு, நாங்கள் நாலு பேரும் அந்தக் கடையில் கூடி ஆளுக்கொரு மெழுகுதிரி கொளுத்துகிறோம். ஒன்றும் கேட்பதில்லை, அது சம்மாட்டியார் வைத்த ஒரே நிபந்தனை. சென்ற வருடம் மகளின் கலியாணம், என் முழங்கால் வலி, ஊரில் அகப்பட்டிருக்கும் தங்கச்சி குடும்பம் எல்லாம் என் நாக்கு நுனி வரை வந்து நின்றன. அவற்றை அங்கேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, சுடர் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா வாய் மூடி நிற்பது எனக்குச் சின்ன வயது முதலே பழக்கம். ஆனால் கூச்சம் இல்லாமல் வாய் மூடி நின்றது அங்கேதான்.

எழுதி முடித்தது: 1999 ஆனி 1, செவ்வாய்க்கிழமை.